முதலாளியின் நெற்றியில் இருந்த பொத்தான்

பே. றொஷானி,
பாலையூற்று,
திருகோணமலை.
22.10.2024

ஆசிரியர் அவர்கள்,
‘விசைப்பலகை’ மாத இதழ்,
யாழ்ப்பாணம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில், இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே மன்னிப்புக் கேட்கிறேன். கேள்வி கேட்டவள் பதில் கிடைத்ததும் சும்மா இருக்கவேண்டும். திரும்பவும் எழுதி உங்கள் நேரத்தை எடுப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று போன சனிக்கிழமை மூன்று தரம் உங்கள் எண்ணை எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். அந்த மூன்று தவறிய அழைப்புகளும் நான்தான். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் அச்சகத்தில் இருப்பவர்களும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. ‘படத்துக்கு மேல் வைக்கும் பொத்தானை ஒளிபுகும்படி செய்வது எப்படி?’ என்று செப்டெம்பர் மாதம் கேட்டு, முத்திரை ஒட்டிய உறையும் வைத்து அனுப்பியவள் நான். இதழில் இரண்டு வரி போடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் கையாலேயே ஒரு தாள் நிறைய எழுதி அனுப்பியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நாலு வருடம் ஆங்கிலத்தில் கேட்டு, விளங்காமலே விளங்கினதுபோல் தலையாட்டிய ஒரு விடயம் உங்கள் தாளின் ஆறாவது வரியில் விளங்கியது. அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

அந்தப் பொத்தான் எதற்கு என்று அப்போது நான் எழுதவில்லை. இங்கே துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகிற காசிநாதர் படகுச் சேவையில் எனக்கு வேலை. படகு ஆறு. முதலாளி காசிநாதர் ஐயா. கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்து படகுகளை அனுப்புகிறவர் அப்துல் மஜீத் நாநா. அவர் ஒரு படகைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால் அந்தப் படகை ஓட்டும் தண்டையலின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அந்த மென்பொருளை எழுதியது நான். மூன்றாம் படகின் தண்டையல் பேணாட் என் அப்பா. என்னை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லித்தான் முதலாளி எடுத்தார். இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் அவர் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரம். வைக்காவிட்டால் வீட்டில் இருக்கவேண்டியதுதான். நியமனக் கடிதம் தட்டச்சாகி அவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்று, கந்தோரில் கோப்புகள் பார்க்கிற மதிவதனா அக்கா இரகசியமாகச் சொன்னா. அப்பாவோ அதற்கு முன்னமே இறங்குதுறையில் எல்லோருக்கும், ‘என்ர மகளுக்கு வேலை நிரந்தரம்’ என்று சொல்லிவிட்டார்.

ஓகஸ்ட் மாதம் முதலாளி ஒரு ட்ரோன்காரரைப் பிடித்துப் படம் எடுப்பித்தார். நல்ல உச்சி வெயில். பின்னால் துறைமுகம் முழுதும் தகதகவென்று கிடக்கிறது. முன்னால், வலதுபக்கத்தில், எங்கள் இறங்குதுறையின் நுனியில், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாக முதலாளி நிற்கிறார், தலையிலிருந்து கால்வரை. அந்தப் படத்தை என் மென்பொருளுக்குப் பின்னணியாகப் போடச் சொன்னார். போட்டேன். புறப்பட, வந்துசேர, பழுது என்று பதிய என ஒரு வேலைக்கு ஒன்றாக, என் ஆறு பொத்தான்களும் திரையின் வலதுபக்கத்தில் மேலிருந்து கீழாக நின்றன. முதலாளியும் அங்கேதான் நின்றார். ஆறு சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்ததுபோல இருந்தது. அடியில் இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. முதலாளி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கனநேரம் பார்த்தார்.

“பிள்ளை, நான் எங்க?”

“பட்டனுக்குப் பின்னால, ஐயா.”

“ஆறு பட்டனுக்கும் பின்னாலயோ?”

“ஓம், ஐயா.”

“அப்ப பட்டனைக் கண்ணாடி மாதிரிச் செய்.”

நிறம் என்ற இடத்தில் ‘ஒளிபுகும்’ என்று கொடுத்தேன். பொத்தான்கள் முன்பு இருந்ததைவிட நன்றாகச் சாம்பல் ஆகின. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுத்தான் உங்களுக்கு எழுதினேன். ‘தங்கச்சி, ஒளிபுகும் பொத்தான் உண்மையில் கண்ணாடி இல்லை. தனக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அது எட்டிப் பார்ப்பதில்லை. எந்தப் பெட்டிக்குச் சொந்தமாக அதை வைத்தீர்களோ, அந்தப் பெட்டியின் தோற்றத்தை எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்ளும். உங்கள் பொத்தான் சாளரத்துக்குச் சொந்தம், சாளரமோ சாம்பல். பொத்தானைப் படப்பெட்டிக்குச் சொந்தமாக்குங்கள்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு வரி மாற்றினேன், ஐயா. கடல் தெரிந்தது. சொந்தம் மாறியதும் பொத்தான்கள் தங்கள் இடத்தைப் புதிய பெட்டியின் மூலையிலிருந்து அளந்துகொண்டு கீழே இறங்கி, இரண்டு பொத்தான் படத்தைவிட்டே வெளியேறின. அப்படி நடக்கும் என்பதையும் நீங்கள் எழுதியிருந்தபடியால் பயப்படாமல் கூட்டிவந்து பழைய இடத்தில் நிறுத்தினேன். முதலாளி முழுதாகத் தெரிந்தார். எழுந்து நின்று கைதட்டினார். “ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார். உங்கள் இதழைக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் உங்கள் வாசகர். விளங்குகிறதோ இல்லையோ ஒவ்வொரு பக்கமும் வாசிக்கிறார், அச்சகத்தின் விலாசம் உட்பட.

அந்த அளவில் நான் நிறுத்தியிருக்கவேண்டும். அடுத்தநாள் முதலாளி வந்து, “என்ர தோளில ஒரு கோடு போகுது, அது என்ன?” என்றார். பொத்தானின் விளிம்பு என்றேன். எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அதற்கடுத்த நாள், “வெள்ளை வேட்டியில கறுப்பு எழுத்து எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு” என்றார். எழுத்தை வெள்ளையாக்கினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, வெயில் பட்ட தண்ணீர், அதன்மேல் வெள்ளை எழுத்து. ஐயா, நான் கணினி படித்தவள்; நடக்கப்போவது எனக்குத் தெரிந்தது. ‘இனிப் பட்டன் தெரியாது’ என்ற மூன்று சொல்லைச் சொல்வதற்காக அன்று அவருடைய மேசைக்கு நாலு தரம் போனேன். நாலு தரமும் “என்ன பிள்ளை?” என்று கேட்டார். நாலு தரமும், “ஒண்டுமில்லை ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவரும் பாவம், நாலு தேத்தண்ணி குடித்தார்.

மஜீத் நாநாவின் பாடுதான் பாடு. பொத்தான்கள் அதே இடத்தில்தான் இருந்தன, அழுத்தினால் வேலையும் செய்தன; கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அவர் மௌஸைப் பிடித்துக்கொண்டு முதலாளியின் உடம்பு முழுதும் தடவித் திரிவார். “மகள், ரெண்டாம் படகை அனுப்ப எங்க அமத்திற?” என்று கேட்பார். “நெஞ்சில, நாநா.” “வந்து சேந்ததைப் பதிய?” “வயித்தில.” முதலாளி பக்கத்தில் இருக்கும் நேரங்களில் இதை வாயால் சொல்ல ஏலாது. அப்போதெல்லாம் நான் என் நெஞ்சையும் வயிற்றையும் தொட்டுக் காட்டுவேன். எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து மதிவதனா அக்கா ஓமத் தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

இந்த நேரத்தில் ஆயுத பூசை வந்தது. பதினோராம் திகதி வெள்ளிக்கிழமை. படகு எஞ்சின், வயர்லெஸ் பெட்டி, தராசு எல்லாவற்றுக்கும் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு முதலாளி தாம்பாளத்தோடு கணினிக்கு வந்தார். நாங்கள் கத்தோலிக்கர், பூசையில் எனக்கு வேலை இல்லை; ஆனால் எனக்கு அந்த இடத்தில்தான் யோசனை வந்தது. “ஐயா, இதுக்கு நான் வைக்கட்டோ?” என்று கேட்டேன். யாரும் கேட்காமல் அந்தக் கந்தோரில் நான் பேசிய முதல் வசனம் அதுதான். திரைக்கு முன்னால் நின்று, படத்தில் இருந்த முதலாளிக்கு நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று ஆறு பொட்டு வைத்தேன். ஆறு பொத்தானின் நடுவிலும் அளந்து வைத்ததுபோல விழுந்தது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “வேதக்காரப் பிள்ளை, என்ர படத்துக்கு அங்கமங்கமாப் பொட்டு வைக்குது, பாருங்கோ” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த ஒரு கிழமை ஒரு படகும் பிழைக்கவில்லை. “இப்ப லேசு, மகள்” என்றார் மஜீத் நாநா. “நெஞ்சில குத்தினாப் போகுது, வயித்தில குத்தினாப் பதியுது. மொதலாளிக்கு மட்டும் சொல்லிப் போடாதீங்க.”

நெற்றியில் இருந்த பொத்தானை மட்டும் யாரும் தொடுவதில்லை. அது ‘எல்லாப் படகும் உடன் திரும்புக’ என்பது. திடீரென்று காற்று எழும்பினால் பாவிக்க வைத்தது.

போன வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் அதிகாரி, றிகாஸ் என்பவர், வந்தார். அவர்களுடைய கப்பல்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் படகுகளை ஒப்பந்தம் செய்வதா என்று பார்க்க வந்தவர். முதலாளி அவரை அப்பாவின் படகில் ஏற்றினார். “பிள்ளை, நீயும் வா. உன்ர புரோகிராமைச் சேருக்கு விளங்கப்படுத்து. இண்டைக்கு இது நல்லா நடந்தா, வந்த உடன லாச்சியைத் திறக்கிறன்” என்றார். நான் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். கந்தோரில் அதே நேரம் மதிவதனா அக்கா, வெள்ளிக்கிழமை என்றபடியால், காய்ந்துபோன பழைய பொட்டுகளை ஈரத் துணியால் துடைத்திருக்கிறா. புதிதாக வைக்கும்போது ஒரு ஆம்பிளையின் இடுப்பிலும் முழங்காலிலும் பொட்டு வைக்க அவவுக்கு மனம் வரவில்லை. நெற்றியில் மட்டும், வடிவாக, பெரிதாக ஒன்று வைத்துவிட்டா. மஜீத் நாநா வந்து பார்த்தார். ஆறு பொட்டும் ஒன்றாகிவிட்டது. பிள்ளை ஏதோ புதிதாகத் திருத்தி, எல்லா வேலைக்கும் ஒரே பொத்தான் ஆக்கிவிட்டாள் என்று சந்தோசப்பட்டு, முதலாளி அவசரத்தில் செய்தி இல்லாமலே கொண்டுபோன மூன்றாம் படகைத் தெரிவுசெய்து, புறப்பாட்டுச் செய்தி அனுப்புவதாக நினைத்து, நெற்றியில் அழுத்தினார்.

நாங்கள் கப்பலுக்குப் பாதி வழியில் நின்றோம். அப்பாவின் கைப்பேசி ‘டிங்’ என்றது. பார்த்தார். படகைத் திருப்பினார்.

“பேணாட், எங்க போறாய்?” என்றார் முதலாளி.

“மெசேஜ் வந்திருக்கு ஐயா. எல்லாப் படகும் உடன திரும்பட்டாம்.”

“நான் இஞ்ச இருக்கிறன், ஆர் அனுப்பினது?”

“கணினி, ஐயா.”

“முதலாளி நான் சொல்லுறன். கப்பலுக்கு விடு.”

அப்பா கப்பல் பக்கம் திருப்பினார். ‘டிங்.’ கரைப் பக்கம் திருப்பினார். முதலாளி எழுந்து நின்று கத்தினார். “எட, உனக்கு நான் பெரிசோ மெசேஜ் பெரிசோ?”

“மெசேஜ் வந்தால் நானே வேண்டாம் எண்டாலும் கேக்காதைங்கோ எண்டு, போன மாசம் கூட்டம் வைச்சு நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்.”

“அது காத்துக்கு!”

“காத்து வருதோ வரேல்லையோ எனக்குத் தெரியாது. என்ர பிள்ளை எழுதினது பிழைக்காது.”

ஐயா, அந்த இடத்தில் நான் இருந்த நிலையை எப்படி எழுதுவது? என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இரண்டாவது ‘டிங்’கிலேயே தெரிந்துவிட்டது. சொன்னால் அப்பாவின் கதை பொய்யாகும். சொல்லாவிட்டால் கப்பல் கிடைக்காது. வெங்காய மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கரையில் மஜீத் நாநா யன்னலால் பார்க்கிறார், படகு திரும்பி வருகிறது. செய்தி போகவில்லையாக்கும் என்று இன்னும் ஒருதரம், இன்னும் பலமாக, அழுத்துகிறார். மற்ற ஐந்து படகுகளும் எல்லாத் திசையிலிருந்தும் எங்களைச் சுற்றி வந்து சேர்ந்தன. ஐந்தாம் படகில் ஒரு கப்பலின் சமையற்காரர் நின்றுகொண்டு, தன் கப்பலைக் காட்டிக் காட்டி எங்களுக்கு விளங்காத பாசையில் ஏசினார். றிகாஸ் அவர்கள் ஒருதரம் கப்பலையும் ஒருதரம் கரையையும் பார்த்துப் பார்த்துக் கழுத்தைத் தடவினார். முதலாளி கந்தோருக்கு அழைப்பெடுத்தார். மஜீத் நாநாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“நான் ஒரு படகையும் திருப்பல்ல, மொதலாளி! காலையில இருந்து ஒங்கட நெத்தியிலதான் குத்திக்கிட்டு இரிக்கன்!”

கரைக்கு வந்ததும் முதலாளி எங்களை நேரே கந்தோருக்குக் கூட்டிப்போனார். றிகாஸ் அவர்கள்தான் முதலில் பேசினார். “ஆறு படகும் எட்டு நிமிசத்தில கரைக்கு வந்திட்டுது. உங்கட ஆக்கள் மெசேஜுக்கு மதிப்புக் குடுக்கிறாங்க. அது எனக்குப் பிடிச்சிரிக்கு. அந்த பட்டனை ஒருக்கா காட்டுங்க.” முதலாளி திரைக்கு முன்னால் குனிந்தார். இதற்கிடையில் மதிவதனா அக்கா பயத்தில் அந்த ஒரு பொட்டையும் துடைத்துவிட்டிருந்தா. திரையில் கடலும் அவரும் மட்டும்தான். அவர் கடலில் அழுத்தினார். கப்பலில் அழுத்தினார். தன்னுடைய முழங்காலில் அழுத்தினார். மூன்றாம் படகு பழுது என்று பதிவானது. நெற்றி வேர்த்துக் கொட்டியது. பிறகு, ஒருநாளும் இல்லாத மெல்லிய குரலில், “பிள்ளை, பட்டன் எங்க?” என்றார்.

“நாங்கள்தான் அதைத் தெரியாமல் ஆக்கினோம், ஐயா” என்றேன். ஒருக்கால் வாய் திறந்தபின் மூட முடியவில்லை. விளிம்பு, எறும்பு, நாலு தேத்தண்ணி, ஆறு பொட்டு எல்லாவற்றையும் அந்த அதிகாரிக்கு முன்னாலேயே சொன்னேன். பக்தியால் வைக்கவில்லை, பொத்தானுக்காக வைத்தேன் என்றும் சொன்னேன். முதலாளியின் முகம் இறுகிப்போனது. மஜீத் நாநாதான் முதலில் சிரித்தார், பிறகு றிகாஸ் அவர்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பட்டனைத் தெரியிற மாதிரிச் செய்ங்க. மூணு மாசம் வெச்சுப் பாப்பம். சரியா வந்தா ஒப்பந்தம்” என்றார். இப்போது முதலாளிக்கும் மூன்று மாதம் பார்க்கிற காலம். அன்றிலிருந்து என்னை ஏறக்குறைய மரியாதையாகப் பார்க்கிறார்.

அன்று வீட்டுக்குப் போய் உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அப்போதுதான் தாளின் மறுபக்கத்தைக் கண்டேன். முன்பக்கத்தில் கடல் தெரிந்த சந்தோசத்தில் நான் அதைத் திருப்பியே பார்க்கவில்லை, ஐயா. மூன்றே வரி. ‘ஒளிபுகும் பொத்தான் என்றால் ஊடாகப் பார்க்கக்கூடிய பொத்தான், காணமுடியாத பொத்தான் இல்லை. முழுதாக ஒளிபுக விடாமல் பாதி நிறம் கொடுங்கள், மெல்லிய விளிம்பு விடுங்கள். மௌஸ் மேலே வந்ததும் முழு நிறமும் வரட்டும்.’ சனியும் ஞாயிறும் இருந்து அப்படியே செய்தேன். நேற்று மஜீத் நாநா ஆறு பொத்தானையும் ஒன்றன்பின் ஒன்றாக, யாருடைய நெஞ்சையும் தொடாமல், வாசித்து அழுத்தினார். முதலாளியும் மங்கலாக, ஆனால் முழுதாகத் தெரிகிறார். அப்பாவிடம், “நான்தான் பிழை விட்டனான், அப்பா” என்று சொன்னேன். “என்ன பிழை? ஒரு மெசேஜ் பிந்தி வந்ததோ?” என்றார்.

இவ்வளவுக்கும் காரணம் நீங்கள் எழுதின அந்த ஒரு தாள். எனக்கு விளங்குகிற பாசையில், என்னை மடைச்சியாக நினைக்காமல், ஒருவர் எழுதியிருந்தார் என்பதே எனக்குப் பெரிய விடயம். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. வேலையைப் பற்றியும் கவலை இல்லை. ஞாயிறு பூசைக்குப் போனபோது மாதாவுக்கு முன்னால் உங்களுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். உங்கள் கை சுகமாக இருந்து இன்னும் பல தாள் எழுதவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
பே. றொஷானி

பி.கு.: ஐயா, கவலை இல்லை என்று மேலே எழுதினது சரியில்லை. நன்றிக்கு மட்டும் எழுதுகிறேன் என்றதும் முழு உண்மை இல்லை. லாச்சி இன்னும் திறக்கவில்லை. மங்கலாகத் தெரிவது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழாம் திகதி, ட்ரோன்காரர் திரும்ப வருகிறார். புதுப் படத்தைத் திரையில் பார்த்த பிறகுதான் என் நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைப்பாராம். பொத்தான்களை இடதுபக்கம் கொண்டுபோகலாமா என்று நேற்று ஒருவாறு கேட்டுவிட்டேன். “நல்ல காரியத்தை ஆராவது இடப்பக்கத்தால தொடங்குவினமோ?” என்றார். அதே காரணத்துக்காக இந்த முறையும் அவர் வலதுபக்கம்தான் நிற்கப்போகிறார். பொத்தானும் அவரும் வேறு வேறு பக்கத்தில் இருந்தால் போதும், ஐயா. பழைய சாம்பல் பொத்தானே போதும், ஒளிபுகவே தேவையில்லை. உங்களை நான் கரைச்சல் படுத்தியிருக்கவும் தேவையில்லை. உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். கந்தோர் எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் அவருக்கு ஒரு அழைப்பு எடுத்து, படத்துக்கு வலது என்பது பார்க்கிற எங்களுக்கு இடது என்று சொல்லி, அவரை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுவீர்களா?